மாரிசெல்விக்கு இரண்டு கல்லூரிகள்

மாரிசெல்வி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. தாயில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால்கூடத் தெருவைக் கடந்து வந்து, தோளைத் தொட்டு, "ஓவியாக்கா, அம்மா வரச் சொன்னாக" என்பாள். அதே பெண் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டுவிழாவில் ராஜா வேஷம் கட்டி, மைக் பாதியில் நின்றுபோன பிறகும் பந்தலின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடி முடித்தாள் என்று ஊரில் சொன்னார்கள். அந்த நாடகத்தை எழுதியதும் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டதும் அவள்தான். அவளுடைய தமிழாசிரியை சுப்புலட்சுமி அன்றைக்கு மேடைக்குப் பின்னால் போய், "பாட்டும் நடிப்பும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கிற காலேஜ் எல்லாம் இருக்கு புள்ள" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தைதான் இரண்டு மாதம் அந்த வீட்டைத் தூங்கவிடவில்லை.

நான் அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். வடக்கே பல ஊர்களில் சுற்றிவிட்டு, கடைசியாக ஒரு நாடகக் குழுவுக்கு விளக்கு அமைக்கும் வேலையையும் விட்டுவிட்டு வந்து, அடுத்து எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். மாரிசெல்வியின் அப்பா தங்கச்சாமி மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏ தாயி, நீ நாலு ஊரு பாத்தவ. கூத்துக்காரங்க கூடவே திரிஞ்சவ..."

உள்ளேயிருந்து என் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லலத்தா. இந்தப் பாட்டு நாடகப் படிப்பெல்லாம் நெசந்தானா? படிச்சா சோறு போடுமா?"

"போடும் மாமா. உடனே போடாது. நல்ல இடமாப் பார்த்துச் சேரணும்."

அவர் கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒரு தடவ கூட்டிட்டுப் போறேன். எடுத்தாங்கன்னா போகட்டும். எடுக்கலேன்னா தீவாளி வரைக்கும் பட்டாசுக் கம்பெனி, தையில கல்யாணம். சாத்தூர்ல என் மச்சினன் கேட்டுக்கிட்டே இருக்கான். மறுபேச்சு கெடையாது."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாரிசெல்வி தலையை ஆட்டினாள். அந்த ஒரு தடவைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலையில் இருந்த தனியார் கல்லூரி. இசை நாடகத்துக்கென்றே தனித் துறை, வெளிநாட்டிலிருந்து வந்து வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், பெரிய அரங்கம். திறமை இருந்தால் கட்டணமே இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்று தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி. அங்கே ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு அறைகள், ஒரு ஆர்மோனியம், கொஞ்சம் மாணவர்கள். ஆனால் அங்கே படித்தவர்கள் எந்த ஊர் மேடையில் ஏறினாலும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கள் குழுவில் சொல்வார்கள். முதலில் சென்னை, திரும்பும் வழியில் தஞ்சாவூர். ஒரே பயணம், இரண்டு தேர்வு. மாமா சொன்ன ஒரு தடவைக்குள் அடங்கிவிடும்.

அவளைப் பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவளுடைய அம்மா கருப்பம்மாள் அத்தைக்கு இரண்டு கைகளிலும் முழங்கை வரை தீக்காயத் தழும்பு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் அடுத்த அறை வெடித்தபோது, கதவோரம் உட்கார்ந்திருந்ததால் கைக்காயத்தோடு தப்பித்தவள். பட்டாசு அறைகளுக்கு எல்லாப் பக்கமும் கதவு இருக்கும். கதவுகள் வெளியே பார்த்துத்தான் திறக்கும். சத்தம் கேட்டால் ஓட வேண்டும். என்ன சத்தம் என்று யோசிக்கக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அது உடம்பில் ஏறிவிடும். பள்ளி விடுமுறைகளிலும் தேர்வு முடிந்த பிறகும் வேலைக்குப் போன மாரிசெல்விக்கும் ஏறியிருந்தது.

சென்னைக் கல்லூரியின் அரங்கத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாமா உள்ளே வர மறுத்துவிட்டார். "குளிருது தாயி. நான் வெளிய மரத்தடியில நிக்கேன்." மேடையில் மாரிசெல்வி பாட்டைத் தொடங்கி நாலு வரி ஆவதற்குள் துறைத் தலைவர் கையை உயர்த்தினார். வெள்ளைமுடியைக் குட்டையாக வெட்டிய, உற்சாகமான பெண்மணி.

"போதும்மா, குரல் நல்லா இருக்கு. இப்போ ஒரு சூழ்நிலை தர்றேன். இது ரயில் நிலையம். இவங்க உன் தோழி." பக்கத்தில் இருந்த ஒரு இளம் பேராசிரியையை மேடைக்கு அனுப்பினார். "இனிமே திரும்பி வரவே மாட்டா. நீ வழியனுப்பணும். வசனமாவும் பேசலாம், பாடவும் செய்யலாம்."

மாரிசெல்வி அந்தப் பேராசிரியையின் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேலே கம்பியில் தொங்கிய பெரிய விளக்கு ஒன்று டமாரென்று வெடித்தது. கண்ணாடித் தூள் மேடையின் பின்பக்கம் கொட்டியது. விளக்கு வேலை செய்தவள் என்பதால் எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. அரங்கத்தில் நாலைந்து பேர் தலையைக் குனிந்தார்கள், ஒருவர் சிரித்தார். மேடையில் மாரிசெல்வி இல்லை.

பேராசிரியையின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு படியில் இறங்காமல் கீழே குதித்து, பக்கக் கதவைத் தோளால் தள்ளி, வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தபோது இரண்டு பேரும் மைதானத்து நடுவில் நின்றார்கள். பேராசிரியைக்கு ஒரு கால் செருப்பைக் காணோம். "உள்ள போகாதீக. அடுத்தது வெடிக்கும். கொஞ்சம் பொறுங்க" என்று மாரிசெல்வி அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவும் ஓடிவந்திருந்தார், ஆனால் மரத்தடியிலிருந்து வெளிவாசலைப் பார்த்து அல்ல, அரங்கத்துக்கு உள்ளே போகப் பார்த்து. கதவில் நான் மோதியது அவர்மேல்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. துறைத் தலைவர் படியில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

"என்ன ஒரு கற்பனை! வழியனுப்பச் சொன்னா, அனுப்ப மாட்டேன்னு தோழியை இழுத்துட்டே போயிட்டா பாருங்க. விளக்கு வெடிச்சதைக்கூட விடாம உபயோகப்படுத்திக்கிட்டா!"

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை. எந்த ஊர் என்று அவர்கள் கேட்டார்கள். மாமா சொன்னார். அப்பா, அம்மா என்ன வேலை என்று கேட்டார்கள். அதையும், அத்தையின் கைக்காயத்தையும் சொன்னார். துறைத் தலைவரின் கண்கள் பெரிதாகின. அன்று மாலைக்குள் இடம் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். கட்டணம் இல்லை, விடுதிக்கும் இல்லை.

ரயிலில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, "எடுத்துட்டாகல்ல, எடுத்துட்டாகல்ல" என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். தஞ்சாவூருக்குப் போக வேண்டுமா என்றுகூடக் கேட்டார். டிக்கெட் எடுத்தாயிற்று என்று நான் சொன்னதால்தான் இறங்கினோம்.

அங்கே தேர்வு வைத்தவர் பெயர் கற்பகம். வெற்றிலை போட்ட வாய், கனத்த குரல். மாரிசெல்வியை முழுப் பாட்டையும் பாட வைத்தார். பாடி முடித்ததும் மறுபடியும் பாடச் சொன்னார். மூன்றாவது தடவை அவளுக்குப் பின்னால் போய் நின்று, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாடச் சொன்னார்.

"சத்தம் இருக்கு. மூச்சு இல்ல" என்றார். "பாதி மூச்சுதான் இழுக்கிற. மீதியை யாருக்கு மிச்சம் வைக்கிற?"

"பட்டாசு மருந்து வாடை, மேடம். முழுசா இழுத்தா இருமல் வரும்" என்றாள் மாரிசெல்வி.

"இங்க மருந்து இல்லையே."

கற்பகம் அவள் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"கழுத்து நரம்பை வச்சுப் பாடுற. இப்படியே பாடினா முப்பது வயசுல தொண்டை போயிடும். நீ சேர்ந்தா முதல் வருஷம் வேஷம் கிடையாது. பின்பாட்டுதான். ஆனா இப்போ உன்னைச் சேர்க்க இடம் இல்ல. காத்திருக்கிறவங்கள்ல முதல் பேரு உன்னது. யாராவது வரலைன்னா கூப்பிடுவேன்."

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "அந்தம்மா என்னத்தா இப்படிப் பேசுது? மெட்ராஸ்ல கைதட்டுனாக. இது குறை சொல்லுது. இடமும் இல்லங்குது."

மாரிசெல்வி பேருந்தில் நெடுநேரம் தன் வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஊரில் சேதி பரவிவிட்டது. கருப்பம்மாள் அத்தை குழாயடியில் தொடங்கி மளிகைக்கடை, பால்காரர், கம்பெனி வேன் வரைக்கும் "மெட்ராஸ்ல எம்மகளுக்குச் சும்மாவே சீட்டுக் குடுத்துட்டாக" என்று சொல்லி முடித்திருந்தாள். மாரிசெல்வி கல்லூரி திறக்கும் வரை எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த கம்பெனிக்கு அம்மாவோடு வேலைக்குப் போனாள். அத்தைக்குப் பெட்டி ஒட்டும் வேலை. இவளுக்குத் திரி செருகும் அறை. மாமாவும் அங்கேதான் லோடு ஏற்றுகிறார்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. கல்லூரித் தொடக்க விழாவில் மாரிசெல்வியின் கதையையே ஒரு சிறு இசை நாடகமாகப் போடப் போகிறார்களாம். அம்மாவையும் மேடைக்குக் கூட்டிவர வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவின் கைகளைத் தனியாகப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"என் கையைத்தானே கேக்காக, முகத்தையா கேக்காக? அனுப்பு" என்றாள் அத்தை. மாரிசெல்வி அனுப்பவில்லை. போன் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு மூன்று பேருக்கும் கல்லூரியிலிருந்தே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றாள். தோளைத் தொடவில்லை. நானாகத் திரும்பித்தான் பார்த்தேன்.

"அக்கா, நான் அன்னைக்கு நடிக்கலக்கா."

"தெரியும்."

"பயந்து ஓடுனேன். அதுக்கு சீட்டுக் குடுத்திருக்காக. நாலு வரிதான் பாடுனேன். பாட்டை அவுக கேக்கவே இல்ல." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "இன்னைக்கு அந்த மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். நான் நடிக்கல, வெடிச் சத்தம்னு நெனச்சு ஓடிட்டேன், வேணும்னா மறுபடி என்னைப் பாடச் சொல்லிக் கேளுங்கன்னு."

"என்ன சொன்னாக?"

"சந்தோசப்பட்டாகக்கா! அதான் எங்களுக்கு வேணும்னு சொன்னாக. நடிப்பா இருந்தா எவளும் செய்வா, இது நெசமுன்னு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "விழாவிலயும் ஒரு பல்பை வெடிக்க வைக்கப் போறாகளாம். எப்ப வெடிக்கும்னு எங்கிட்டச் சொல்ல மாட்டாகளாம். சொல்லிட்டா நெசமா ஓட மாட்டேனாம். நல்லா அமைஞ்சா ஊரு ஊரா கொண்டு போவாகளாம்."

அந்தக் கல்லூரியின் பெயர் பின்னால் எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். பிடிக்காத ஒரு நாடகத்தில் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, பிறகு வேண்டியதைப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையே சொன்னேன். "போ. போய்ச் சேர்ந்துக்கோ. அந்த நாடகத்தை மட்டும் செய்ய மாட்டேன்னு சொல்லிப் பாரு."

"அதுக்குத்தானேக்கா சீட்டே குடுத்தாக."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"வேண்டாம்னு சொன்னா அப்புறம் எங்க போவேன்? சாத்தூருக்கா?" என்றாள். "தஞ்சாவூர்ல இருந்து கூப்பிடவே இல்லையே."

தஞ்சாவூரிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டார்கள். அவளுக்கு அல்ல, எனக்கு. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் எண்ணையும் கொடுத்திருந்தாள்.

"ஒருத்தன் வேற படிப்புக்குப் போயிட்டான்" என்றார் கற்பகம். "ஒரு இடம் இருக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள அவ எங்கிட்டப் பேசணும். பேசலைன்னா நான் அடுத்த பேரைக் கூப்பிட்டாகணும். எங்க விதி அது."

"அவ வேலையில இருக்கா மேடம். நான் சொல்லிடுறேன், அவ வருவா."

"நீயாம்மா படிக்கப் போற? அவ சொல்லட்டும்."

அப்பாவின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்ததும் முன்னால் ஒரு தீப்பெட்டி லாரி ஊர்ந்துகொண்டே போனது. கம்பெனி வாசலுக்கு வந்தபோது வெயில் தலைக்கு நேர் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் அய்யப்பன் என் போனை வாங்கி மேசைமேல் வைத்தார். உள்ளே விட முடியாது என்றார். "இன்ஸ்பெக்சன் வர்ற வாரம். வெளியாள் ஒருத்தர் கால் வைக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காக."

"ஒரு நிமிஷம்ணே. மாரிசெல்வியைக் கூப்பிடணும்."

"சாப்பாட்டு மணி அடிக்கட்டும். தானா வருவாக."

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்ணே!"

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரங்களுக்கு இடையில் வெள்ளையடித்த சிறுசிறு அறைகள் தள்ளித் தள்ளி நின்றன. மூன்றாவது அறையின் கதவில் அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது. வேலைக்கு வரும்போது எல்லாப் பெண்களும் ஆண் சட்டை ஒன்றை மேலே போட்டிருப்பார்கள், அவளுடையது மஞ்சள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். நான் வாயருகே கையைக் கொண்டுபோனேன்.

அய்யப்பன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா! கொன்னுபுடுவ போலயே! இங்கன எவனும் சத்தம் போட மாட்டான். ஒரு கூப்பாடு கேட்டா அம்புட்டுப் பேரும் கையில இருக்கிறத அப்படியே போட்டுட்டு ஓடுவாக. மருந்து கொட்டிச்சுன்னா என்ன ஆகும்? நீ இந்த ஊருக்காரிதானே?"

நான் இந்த ஊருக்காரிதான். மாரிசெல்வியை அவள் பெயரைச் சொல்லியே ஓட வைத்திருப்பேன்.

வாசலுக்கு உட்புறம் ஒரு லாரி நின்றது. பெட்டிகளைத் தோளிலிருந்து இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தங்கச்சாமி மாமா. நான் வேலியோரமாகப் போனேன்.

"மாமா, தஞ்சாவூர்ல இருந்து போன் வந்துச்சு. இடம் இருக்காம். மாரிசெல்வி இப்பவே பேசணும். மதியத்துக்குள்ள. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

அவர் அடுத்த பெட்டியைத் தூக்கினார். "அதான் மெட்ராஸ்ல சேத்தாச்சே."

"அவளுக்குத் தஞ்சாவூர்தான் வேணும் மாமா."

"அவளா சொன்னா?"

நேரடியாக அவள் அதைச் சொல்லவில்லை. "அவகிட்டக் கேளுங்க. கூட்டிட்டு வந்து கேளுங்க."

"தாயி, வாக்குக் குடுத்தாச்சு. சும்மாவே படிக்க வைக்கிறாக. சோறும் போடுறாக. தஞ்சாவூர்ல என்னடான்னா, ஓட்டுக் கட்டடம், ஒரு வருசத்துக்கு வேசமும் கெடையாது, பின்னாடி நின்னு பாடணுமாம். உனக்கென்ன, நீ நாளைக்கே பைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவ. நான்ல பதில் சொல்லணும்."

அது என் மேல் நேராக விழுந்தது. லாரிக்காரர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, லோடு நிக்குதுண்ணே. கதையைச் சாயங்காலம் வச்சுக்கிடுங்க" என்றார். மாமா பெட்டியோடு லாரிக்குப் போனார். திரும்பி வந்தார். இன்னொன்றைத் தூக்கினார். என்னைப் பார்க்காமல் லாரிக்குப் போனார். திரும்பி வந்தார். மேசைமேல் என் போன் கிடந்தது. அது அங்கே கிடக்கும்போதே கற்பகம் சொன்ன நேரம் முடிந்துவிடலாம்.

"மாமா, அன்னைக்கு மெட்ராஸ்ல பல்பு வெடிச்சப்போ அவ நடிக்கல."

"அது எனக்குத் தெரியாதா?"

"தொடக்க விழாவிலயும் வெடிக்க வைக்கப் போறாகளாம். அவகிட்டச் சொல்லாமலே. அவ பயந்து ஓடணுமாம். அதுதான் நாடகம். ஊர் ஊரா கொண்டுபோய்ப் போடுவாகளாம். ஒவ்வொரு ஊருலயும் வெடிக்கும்."

அவர் தோளில் பெட்டியோடு அப்படியே நின்றார்.

"யார் சொன்னா?"

"அந்த மேடமே அவகிட்டச் சொல்லியிருக்காக. புதன்கிழமை. உங்ககிட்டச் சொல்ல பயந்துக்கிட்டு இருக்கா."

"தெரிஞ்சேவா?" என்றார். "அவ அம்மா கையைப் பத்தியெல்லாம் தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் மாமா."

மாமா பெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். வழக்கம்போல் மெதுவாக, மண்ணில் ஒரு சத்தம்கூட எழாமல் வைத்தார். லாரிக்காரர் மறுபடி ஏதோ சொன்னார். அவர் காதில் விழவில்லை. அறைகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நடந்தார். அந்த வளாகத்தில் ஓடக் கூடாது. அவர் ஒவ்வொரு அறையாகக் கடந்து போவதை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது அறைக்கு வெளியே நின்று உள்ளே குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு திரும்பித் தனியாக வந்தார்.

"மாமா? வரலையா?"

"கையில எடுத்ததை முடிச்சு வச்சுட்டுத்தானே வரணும். பாதியில போட்டுட்டு வர முடியுமா?" என்றார் எரிச்சலாக. பிறகு சொன்னார்: "சொல்லிட்டேன். கை கழுவிட்டு வருவா."

அய்யப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். இப்போது அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்தோம். மாரிசெல்வி வெளியே வந்தாள். தொட்டிக்குப் போனாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஒரு தடவை கழுவி, சாம்பல் நிறம் போகவில்லை என்று மறுபடி தேய்த்தாள். முகத்தைக் கழுவினாள். மேல் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினாள். அத்தனையையும் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். எனக்கு அவளைப் போய் இழுத்துவர வேண்டும்போல் இருந்தது.

அவள் வாசலைத் தாண்டியதும் போனைக் கையில் கொடுத்தேன். முதல் தடவை அழைப்புப் போகவில்லை. அய்யப்பன், "அந்தப் புளியமரத்துக்கிட்ட போத்தா, அங்கனதான் டவர் கெடைக்கும்" என்றார். மூன்று பேரும் அவளுக்குப் பின்னாலேயே புளியமரத்துக்குப் போனோம். அங்கே அழைப்புப் போனது.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது.

"மேடம், மாரிசெல்வி பேசுறேன். தாயில்பட்டி."

அந்தப் பக்கம் கற்பகத்தின் கனத்த குரல் எங்களுக்கும் லேசாகக் கேட்டது. "என்னம்மா, வர்றியா? மெட்ராஸ்ல இடம் குடுத்திருக்கிறதா அன்னைக்குச் சொன்னியே. நல்லா யோசிச்சியா?"

மாரிசெல்வி அப்பாவைப் பார்த்தாள். அனுமதி கேட்ட பார்வை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மூணு தடவ பாடச் சொன்னீகள்ல. நல்லா இல்லேன்னுதானே சொன்னீக?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு மேடம் முதல் பேரா எழுதுனீக?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "மூணாவது தடவ கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அதனாலதான்."

மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "வாரேன் மேடம்" என்றாள். "திங்கக்கிழமையே வாரேன்."

போனை என்னிடம் தந்துவிட்டுப் புளியமரத்தின்மேல் சாய்ந்தாள். மாமா என்னிடம் கையை நீட்டினார். எதற்கென்று புரியாமல் பார்த்தேன்.

"அந்த மெட்ராஸ் நம்பரப் போட்டுக் குடு."

"நான் பேசுறேன்ப்பா" என்றாள் மாரிசெல்வி.

"வாக்குக் குடுத்தவன் நான். நானே சொல்லிக்கிடுறேன்."

அவர் போனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். "வணக்கம் மேடம். தங்கச்சாமி. மாரிசெல்வி அப்பா. பிள்ளை அங்கன வரல. இல்ல மேடம், ஒடம்புக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கா. டிக்கெட்டு கேன்சல் பண்ணிக்கிடுங்க. காரணமா?" கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "அன்னைக்கு நானும் ஓடுனேன் மேடம். நீங்க கை தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. அம்புட்டுத்தான். வச்சிருதேன்." போனைத் திருப்பித் தந்துவிட்டு லாரியைப் பார்த்து நடந்தார். லாரிக்காரர் இப்போது சத்தமே காட்டவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு மரத்தடிக்கு வந்தார்கள். கருப்பம்மாள் அத்தை எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறி வேகமாக வந்தாள். வேலை நேரத்தில் மகள் வாசலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மாரிசெல்வி விஷயத்தைச் சொன்னாள். அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் கேட்டது இதுதான்:

"அப்போ போட்டோ வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"மேடையில நிக்கவும் வேண்டாமா?"

"வேண்டாம்மா."

அத்தை சேலை முந்தானையால் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு போ" என்றாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். பிறகுதான் அடுத்தது அவளுக்கு உறைத்தது. "அட கிறுக்கி மகளே! ஊரெல்லாம் மெட்ராஸ், மெட்ராஸ்னு சொல்லி வச்சிருக்கேனே! இனி ஒவ்வொரு வீடாப் போய் மாத்திச் சொல்லணுமே. சாத்தூர்ல உங்க மாமன் வீட்டுல வேற என்ன நெனைப்பாக?"

"நான் சொல்லட்டுமா அத்தை?" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்குச் சொல்லத் தெரியாது." அவள் தூக்குவாளியை மகள் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். எல்லாம் பார்த்துக்கொண்டே நின்ற அய்யப்பனிடமிருந்தே ஆரம்பித்தாள்.

"ஏ அய்யப்பா, உனக்கு விசயம் தெரியுமா? மெட்ராஸ் காலேஜை எம்மக வேண்டாம்னுட்டா."